சங்கம் தோன்றுமுன்: நாவலப்பிட்டிப் பிள்ளையும் சென்னைப் படவுலகும்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் முடிந்த கையோடு கண்டிப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகள் சிலவற்றில் ஒரு காட்சி ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்வதுண்டு. நாடகப் போட்டியிற் பரிசு பெற்ற மாணவன் ஒருவன் அதிபரின் அறை வாசலில் நிற்பான். அவன் பக்கத்தில், கொழுந்துக் கூடையை லயத்தில் இறக்கி வைத்துவிட்டு அரைநாட் பேரை இழந்து வந்த தாய் நிற்பாள். பையன் சென்னைக்குப் போய் நடிகனாகப் போகிறேன் என்கிறான்; யாரோ ஒருவர் படம் எடுக்கிறாராம், வாய்ப்புத் தருகிறாராம்; அனுப்பலாமா, ஐயா, என்பது தாயின் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை கூறிவிட முடியாது. "நடிப்பு வேண்டாம், க.பொ.த. சாதாரண தரத்தை எழுது" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொன்ன மாத்திரத்திலே பையன் ஒரு பெயரைச் சொல்லுவான். அந்தப் பெயர் எதுவென்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். இதே மலையிற் பிறந்தவர், இதே நாவலப்பிட்டியிற் பிறந்தவர், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றவர், அவர் போகவில்லையா, வெல்லவில்லையா என்பான். பையன் சொல்வதிற் பிழையில்லை. எனினும் அவன் அறிந்திருப்பது கதையின் முடிவை மட்டுமே. கதையின் நடுப்பகுதியை அவனுக்கு எவரும் சொன்னதில்லை. அந்த நடுப்பகுதியே இன்றைய பேச்சின் பொருள்.

மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி நாவலப்பிட்டியிற் பிறந்தார். கண்டி நகரிலே பிறந்தார் என்பாரும் உளர். நாவலப்பிட்டி என்பதே பெருவழக்கு. எதுவாயினும் கண்டி மாவட்டத்துக்கு உட்பட்டதே. தந்தை கோபாலமேனன், தாய் சத்தியபாமா. இருவரும் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளக் குடும்பத்தினர். பிள்ளை நடை பழகும் பருவத்திலே தந்தை இறந்துவிட்டார். தாய் பிள்ளைகளுடன் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அந்நாளிற் பயணம் இன்றுபோல் இல்லை. நாவலப்பிட்டிக்கு 1874இலேயே புகையிரதம் வந்துவிட்டது. கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை, றம்புக்கனை வழியாகப் பொல்காவலை வரை இறங்கி, அங்கிருந்து வடக்கே அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று சென்றால் தலைமன்னார் இறங்குதுறை வரும். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. இந்தப் பாதையில் மலையகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே சனங்கள் வருவதும் போவதுமாக இருந்தனர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது. இன்று சென்னைக்குப் போக வேண்டுமாயின் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும்; சுற்றுலா விசாவிற் சென்று சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம். "அவர் போகவில்லையா?" என்று கேட்கும் மாணவனுக்கு முதலிற் சொல்ல வேண்டிய வேறுபாடு இதுதான்.

சத்தியபாமா அம்மையார் கும்பகோணத்தில் தங்கினார். மூத்தவர் சக்கரபாணியும் இளையவர் இராமச்சந்திரனும் அங்கே ஆனையடிப் பள்ளியிற் படித்தனர். படிப்பென்றால் எவ்வளவு படிப்பு? வயிறு நிரம்பாத பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஏழு வயதில் இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவிற் சேர்க்கப்பட்டார். தமையனாரும் அதே குழுவுக்குச் சென்றார். கலையார்வம் அவர்களை ஈர்த்தது என்று பிற்காலத்தில் எழுதுவோர் எழுதலாம். உண்மை வேறு. கம்பெனியிற் சோறு கிடைத்தது.

பாய்ஸ் கம்பெனி என்பது என்னவென்று இக்காலத்தவர்க்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடகங்களை நடத்தத் தொடங்கினார். வயது வந்த நடிகர்கள் கட்டுக்கு அடங்காமற் போனதும், மதுவுக்கு அடிமையானதும், நினைத்தபோது குழுவை விட்டு ஓடியதுமே அவ்வாறு செய்யக் காரணம் என்பர். சிறுவர்கள் ஓடமாட்டார்கள், ஓடினாலும் பிடித்து வந்துவிடலாம். ஆகவே எங்கும் பாய்ஸ் கம்பெனிகள் எழுந்தன. பெற்றோரோ உறவினரோ கையெழுத்திட்டு ஒப்பந்தம் செய்து பிள்ளையை விட்டுச் செல்வர். பிள்ளைகள் யாவரும் கம்பெனி வீடு எனப்படும் ஒரே வீட்டிற் படுத்து எழும்புவர். வைகறையிற் குரற்பயிற்சி, பின்பு பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச்சண்டை, சிலம்பம். இரவெல்லாம் நாடகம். தவறு செய்தால் வாத்தியாரின் பிரம்பு. சம்பளம் என்று கைக்கு வந்தது சொற்பம்.

மதுரைக் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர்களுள் ஒருவர் காளி என். இரத்தினம். அந்நாளில் அங்கே இராஜபார்ட் நடிகராகப் புகழ்பெற்றிருந்தவர் பி. யு. சின்னப்பா. இவ்விருவரும் பின்னர் திரைப்படத்திலும் பெயர் பெற்றனர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாலபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கிடைக்கும். கம்பெனியில் ஆசிரியரைக் குறித்த 'வாத்தியார்' என்ற சொல்லே பிற்காலத்தில் இரசிகர்கள் எம். ஜி. ஆருக்குச் சூட்டிய செல்லப்பெயராயிற்று என்பது இடையிற் கருதத்தக்கது. வகுப்பறையிற் பிரம்பு பிடித்த உண்மையான வாத்தியார்களுக்கு அத்தகைய அன்பு கிடைப்பது அரிது!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிறுவன் ஒருவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்போது குரல் உடையும். நாடக உலகத்தார் அதனை மகரக்கட்டு என்பர். பாட்டே நாடகமாக இருந்த காலம் அது. இனிமையாகப் பாடிய பையனுக்கு ஒருநாட் காலையிற் கரகரப்பு வந்துவிட்டால், அவன் விலை அன்றோடு இறங்கிவிடும். சிலருக்குக் குரல் மீண்டது, பலருக்கு மீளவில்லை. மீளாதவர் திரை இழுப்பவராகவும் சமையற்காரராகவும் ஒப்பனைக்கு உதவுபவராகவும் ஆயினர். அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்காகப் பேச எந்தச் சங்கமும் கம்பெனி வீட்டின் வாசலுக்கு வரவில்லை.

இராமச்சந்திரன் பாட்டாற் பெயர் பெற்றவரல்லர். தியாகராஜ பாகவதர், சின்னப்பா போன்றோர் தொண்டையிற் செல்வம் வைத்திருந்தனர். அவரிடம் அது இல்லை. ஆகவே உடலைப் பயிற்றினார். வாள், சிலம்பம், குஸ்தி, குதிரையேற்றம் முதலியவற்றைப் பழகினார். பாடும் நடிகர்களின் ஆட்சி நிலவிய காலத்தில் இதனால் உடனடிப் பயன் ஏதும் இல்லை. எவரும் கேளாத ஒரு சரக்கை ஒருவன் பத்து ஆண்டு சேர்த்து வைப்பது போன்றது அது. அந்தச் சரக்குக்கு விலை வரும் நாள் உண்டா, எப்போது வரும் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

தமிழ்ப் பேசும் படம் 1931இற் 'காளிதாஸ்' உடன் தொடங்கியது. நாடகக் கம்பெனிகள் தளரத் தொடங்கின. கொட்டகையில் நாடகம் பார்த்த சனங்கள் படம் பார்க்கப் போயினர். நடிகர்களும் அவ்வழியே போயினர். நாடகாசிரியர் கந்தசாமி முதலியார் படத்துறையிற் கால்வைத்தபோது, அவருடைய பரிந்துரையால் இராமச்சந்திரனுக்கு 'சதிலீலாவதி' என்ற படத்தில் ஒரு வேடம் கிடைத்தது. படம் 1936இல் வெளிவந்தது. நெறியாளர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் அறியாதவர். கதாநாயகர் கந்தசாமி முதலியாரின் மகன் எம். கே. ராதா. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. டி. எஸ். பாலையா அதே படத்தின் மூலமே திரைக்கு வந்தார்; என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார்.

கதையின் ஒரு பகுதி மலையகத்து நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். நண்பனின் தீய சேர்க்கையாற் குடிக்கு அடிமையான கதாநாயகன், தான் கொலை செய்துவிட்டதாக எண்ணி அஞ்சி ஊரை விட்டு ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்திற் கூலியாக வேலை செய்கிறான். தோட்டங்களின் அருகே பிறந்து கடல் கடந்து போன பிள்ளை, கடல் கடந்து தோட்டத்துக்கு வரும் ஒருவனின் கதையில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அவருக்குக் கிடைத்தது பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேடம், சிறிய வேடம். முன்பணம் நூறு ரூபா என்று சொல்லப்படுகிறது. அன்று அவருக்கு வயது 19.

19 வயதில் முதற்படம். அடுத்து என்ன என்று கேட்டால், மாணவன் "அடுத்து நாயகன்" என்பான். இல்லை. அடுத்துப் பதினோராண்டு.

அந்தப் பதினோராண்டை ஒருவர் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். 'இரு சகோதரர்கள்' 1936, 'தக்ஷயக்ஞம்' 1938, 'மாயா மச்சீந்திரா' 1939, 'அசோக்குமார்' 1941, 'தமிழறியும் பெருமாள்' 1942, 'சாலிவாகனன்', 'மீரா' இரண்டும் 1945, 'ஸ்ரீமுருகன்' 1946. இன்னும் சில. ஒன்றிற் சேனாதிபதி, ஒன்றில் மந்திரி, ஒன்றில் மன்னர், ஒன்றிற் சிவபெருமான். 'அசோக்குமாரில்' நாயகர் பாகவதர். 'மீரா'விற் படமே எம். எஸ். சுப்புலட்சுமியின் பாட்டுக்காக எடுக்கப்பட்டது; 'சாலிவாகன'னில் நாயகர் ரஞ்சன். இவர் ஓரத்தில் நின்றார். நடுவில் 'சாயா' என்ற படத்தில் நாயக வேடம் கிடைத்தது; அந்தப் படம் முடிவுறாமலே நின்றுபோயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரார் சொல்வது இதற்குத்தான்.

அக்காலத்து நடிகனின் தொழில் நிலைமை எத்தகையது? படக் கம்பெனிகள் சென்னையில் மட்டும் இருக்கவில்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோயமுத்தூரிற் சென்ட்ரல் ஸ்டூடியோ, ஏ. வி. எம். நிறுவனம் சில காலம் காரைக்குடியில். நடிகன் வேலை தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். சில நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்கு நடிகரை வைத்திருப்பர். அந்த மாதத்தில் எத்தனை படத்தில் எந்த வேடம் தந்தாலும் போட வேண்டும். சில்லறை வேடக்காரர்களுக்கு ஒப்பந்தம் பல வேளை வாய்ச்சொல் அளவிலேயே இருக்கும். படம் நின்றால் சம்பளமும் நின்றது. சண்டைக் காட்சியிற் கை முறிந்தால் வைத்தியச் செலவு அவனவனுடையது.

முதலாளிகள் இந்த நிலைமையை அறிந்து முன்னதாகவே கூடிவிட்டனர். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை 1939இல் அமைந்துவிட்டது. தென்னிந்திய நடிகர் சங்கம் அமைந்தது 1952இல். இடையிலே பதின்மூன்று ஆண்டுகள். பணம் போட்டவர்களுக்குச் சபை இருந்தது. முகத்தைத் தந்தவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. எம். ஜி. ஆர். சிறு வேடங்களிற் கழித்த காலத்தின் பெரும்பகுதி இந்தப் பதின்மூன்று ஆண்டுக்குள் அடங்கும்.

போதாக்குறைக்கு யுத்தம் வந்தது. 1942 ஏப்ரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசினர். சென்னையிலும் குண்டு விழும் என்று அஞ்சிச் சனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினர். படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. படமொன்று 11,000 அடிக்கு மேல் நீளக்கூடாது என்று அரசாங்கம் கட்டளையிட்டது. பதினெட்டாயிரம், இருபதினாயிரம் அடிக்கு எடுத்துப் பழகியவர்கள் படத்தைச் சுருக்கும்போது யாருடைய காட்சியை வெட்டுவர்? பாகவதருடைய பாட்டை வெட்டமாட்டார்கள். ஓரத்தில் நின்றவரைத்தான் வெட்டுவர். அந்த 1942லேயே இளம் மனைவியையும் அவர் இழந்தார்.

இத்தனைக்கும் அவர் எவ்வாறு தாக்குப்பிடித்தார் என்பதே வினா. மனவுறுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. மனவுறுதி உடையவர்கள் பலர் அந்தப் பதினோராண்டில் ஊருக்குத் திரும்பினர். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. உறுதிக்கு அடியில் வேறு இரண்டு இருந்தன. ஒன்று வீடு. தமையனார் சக்கரபாணியும் நடிகர். இருவரும் ஒரே வீட்டில் தாயுடன் இருந்தனர். இருவருள் ஒருவருக்கு வேடம் கிடைத்தால் அடுப்பு எரிந்தது. மாதம் முழுவதும் இருவருக்கும் வேலை இல்லாமற் போவது ஒருவருக்கு இல்லாமற் போவதைவிட அரிதல்லவா? மற்றொன்று தொழிற் கூட்டாளிகளின் உறவு. கம்பெனி வீட்டில் ஒன்றாகப் படுத்தவர், ஒன்றாக அடி வாங்கியவர், ஒரே படத்தில் முதல் வேடம் போட்டவர் என்ற உறவு. என். எஸ். கிருஷ்ணன் அவருக்கு மூத்தவர் நிலையில் நின்று வழிகாட்டினார். சங்கம் இல்லாத காலத்திற் சங்கம் செய்ய வேண்டிய வேலையை இந்த உறவுகள் ஓரளவு செய்தன. ஓரளவுதான். உறவுக்காரனாக இருப்பவனுக்கு மட்டும் அவை உதவின. தனியனாக வந்தவனுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

1944இன் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1947இலேயே விடுதலை பெற்றனர். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. பாடும் நாயகர்களின் காலம் தளர்ந்து, வாள் வீசும் நாயகர்களின் காலம் வந்துகொண்டிருந்தது. எவரும் கேளாத சரக்கு என்று மேலே சொன்னது இப்போது விலை பெறத் தொடங்கியது.

ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தார் 'ராஜகுமாரி' என்ற படத்தை எடுக்க முன்வந்தனர். நெறியாளர் ஏ. எஸ். ஏ. சாமி. இவர் 'பில்ஹணன்' என்ற வானொலி நாடகத்தால் அறியப்பட்டவர் என்பது வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். முதலிற் பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் போடுவதாகவே எண்ணம் இருந்தது. பெரிய நடிகர்களைப் போட்டாற் பெருஞ் செலவு. நிறுவனத்திலே ஏற்கெனவே வேடம் போட்டுக்கொண்டிருந்த இராமச்சந்திரனை நாயகராக்கலாம் என்று சாமி கருதினார். மதுரைக் கம்பெனியில் இராஜபார்ட்டாக இருந்த சின்னப்பாவுக்கென எண்ணிய இடம், அங்கே பின்வரிசையில் நின்ற பையனுக்கு வந்தது. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. நாயகி கே. மாலதி. படத்திலே முக்கியமான பெண் வேடமொன்றை ஏற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற கே. தவமணிதேவி; 1930களின் பிற்பகுதியிலிருந்தே தமிழ்ப் படங்களில் நடித்துப் பெயர் பெற்றிருந்தவர். நாவலப்பிட்டியும் யாழ்ப்பாணமும் கோயமுத்தூர் ஸ்டூடியோ ஒன்றிற் சந்தித்துக்கொண்டன. சண்டைக் காட்சியில் எதிராளியாக வந்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். இந்தத் தோழமை பின்னாளிற் 'தாய்க்குப்பின் தாரம்' முதலாகப் பல படங்களாகப் பலித்தது. படம் 1947இல் வெளிவந்து வெற்றி பெற்றது. நாயகருக்கு வயது முப்பது.

இதோடு கதை முடிந்தது என்று மாணவன் எண்ணுவான். அதுவும் பிழை. 'ராஜகுமாரி'க்குப் பின்னும் அவர் துணை வேடங்களுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 1948இல் 'அபிமன்யு'வில் அர்ச்சுனன் வேடம்; 'ராஜமுக்தி'யிற் பாகவதருக்கு அடுத்த இடம். நாயகராக ஒரு படம் வென்றவருக்கு அடுத்த படத்தில் ஓரத்தில் நிற்பது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! கௌரவம் பார்த்து வீட்டிலிருந்தவர்கள் உண்டு. அவர் போய் நின்றார். 1950இல் 'மருதநாட்டு இளவரசி', 'மந்திரிகுமாரி', 1951இல் 'மர்மயோகி', 1954இல் 'மலைக்கள்ளன்'. அதன்பின் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமற் போயிற்று. 1958இற் சொந்தப் பணத்தைப் போட்டு 'நாடோடி மன்னன்' எடுத்ததும், 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானதும், 1987இல் மறையும்போதும் அப்பதவியில் இருந்ததும் யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

விரிக்க வேண்டியது வேறொன்று. 1952இல் நடிகர் சங்கம் தோன்றியபோது அதன் பணியில் முன்நின்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். அப்போது அவருக்குச் சங்கம் தேவைப்படவில்லை. 'மர்மயோகி' வந்துவிட்டது, முதலாளிகள் வாசலில் நின்றனர். சங்கம் தேவைப்பட்ட காலத்தில் அவருக்குச் சங்கம் இல்லை. சங்கம் வந்த காலத்தில் தேவை இல்லை. ஆனாலும் அந்த வேலையை எடுத்துச் செய்தார். நலிந்த நாடக நடிகர்களுக்கு உதவுவது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. கம்பெனி வீட்டிலே குரல் உடைந்து திரை இழுக்கப் போனவர்களின் முகங்கள் அவர் மனத்தில் இருந்திருக்கும் என்று எண்ணுவது தவறாகாது.

இனி, இதற்கு எதிர்த்திசையிற் சென்ற ஒருவரின் கதை. சென்னைக்குப் போகாமல் இந்நாட்டிலேயே தமிழ்ப் படம் எடுத்து நடித்தவர் வி. பி. கணேசன். இவர் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர். கூலிக்காரருக்குச் சங்கம் நடத்தியவர், நடிகருக்குச் சங்கமே இல்லாத ஒரு துறையில் நாயகராக இறங்கினார். 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க'. தோட்டத்து வாழ்வைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி 1960களின் தொடக்கத்திலேயே 'தோட்டக்காரி' என்ற படத்தோடு தொடங்கியிருந்தது. இந்தப் படங்களிற் குறை காண்பது எளிது. சென்னைப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒளியமைப்பு மங்கலாகத் தெரியும். ஆனால் அவற்றிற் பேசிய தமிழ் இங்குள்ள தமிழ், நின்ற மலை இங்குள்ள மலை. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தது. பல ஊர்களிலே திரையரங்குகளும் எரிந்தன. இங்கே தமிழ் நடிகன் ஒருவன் தொழில் செய்து பிழைக்கலாம் என்ற நம்பிக்கையும் அத்துடன் கருகிற்று. மாணவர்கள் சென்னையை நோக்கியே கண் வைப்பதற்கு அந்த நெருப்பும் ஒரு காரணம்.

வானொலியை இவ்விடத்தில் மறக்கலாகாது. 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் இலங்கை வானொலியில் நாடகங்களைப் பேணி வளர்த்த காலத்தில், இந்நாட்டு நடிகர்கள் பலருக்கு ஒலிவாங்கியே பள்ளிக்கூடமாக இருந்தது. முகம் தெரியாமற் குரலால் மட்டும் நடிப்பது கடினமான பயிற்சி. மகரக்கட்டுக்குப் பின்னும் நிலைக்கக்கூடிய பயிற்சி.

மீண்டும் அதிபரின் அறை வாசலுக்கு வருவோம். தாய் இன்னும் நிற்கிறாள். பையன் சென்னைக்குச் சென்றால் அவனும் சங்கத்துக்கு வெளியே இருந்தே தொடங்க வேண்டும். இன்று அங்கே நடிகர்களுக்குச் சங்கம் உண்டு, மற்றத் தொழிலாளர்களுக்குச் சம்மேளனம் உண்டு. ஆயின் முதற்படம் தேடி வாசல் வாசலாக நிற்பவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. 1936இல் நின்ற இடத்திலேதான் அவனும் நிற்கிறான். அன்று நின்றவருக்கு இருந்த தமையனோ, கம்பெனி வீட்டுத் தோழர்களோ, பத்தாண்டு மேடைப் பயிற்சியோ இவனுக்கு இல்லை. கூடுதலாக இருப்பது ஒரு கைத்தொலைபேசி. அதிலே நடித்துக் காட்டியதைப் பத்தாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்கிறான். பார்த்தவர்களுள் எவரும் சம்பளம் தரவில்லை.

அவனை அனுப்பாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 1920களில் யாராவது சத்தியபாமா அம்மையாரிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அதைச் சரியென்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். ஆனால் வாய்ப்புத் தருவதாக வந்திருப்பவரிடம் தாய் கேட்க வேண்டியவை சில உண்டு. படத்தின் பெயர் என்ன? வேடம் எது, எத்தனை நாள்? அந்த நாட்களுக்குச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிற் கைக்கு வரும்? விசாவை யார் எடுப்பார், எந்த வகை விசா? படம் இடையில் நின்றால் திரும்பிவரும் விமானச் சீட்டு யார் செலவு? இவற்றையெல்லாம் கடதாசியில் எழுதிக் கையெழுத்திட அவர் ஆயத்தமா? பயிற்சிக்கென்றோ, புகைப்படத்துக்கென்றோ, பதிவுக்கென்றோ அவர் தாயிடம் பணம் கேட்டிருந்தால் மற்றக் கேள்விகளைக் கேட்கத் தேவையில்லை. வேலை தருகிறவன் சம்பளம் தருவான், வாங்கமாட்டான். இது தோட்டத்திலே பேர் பதிந்து வேலை செய்த அவளுக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

பையனிடம் கேட்க வேண்டியது ஒன்றே. முதல் வேடத்துக்கும் நாயக வேடத்துக்கும் இடையே வரப்போகும் அந்தப் பதினோராண்டில் அவன் எதைச் செய்து சாப்பிடுவான்? தையலோ, மின்வேலையோ, கணக்குப் பதிவோ, ஏதாவது ஒரு கைத்தொழில் தெரியுமா? தெரியாதாயின், அதைக் கற்றுக்கொள்ளும் இரண்டாண்டுக்குள் கண்டியிலும் கொழும்பிலும் நடக்கும் மேடை நாடகங்களில் எத்தனை வேடம் போடுவான்? விடையை அவனே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். தாய்க்குப் பிற்பகற் கொழுந்துக்கு நேரமாகிறது. பேருந்து நாவலப்பிட்டியிலிருந்து புறப்பட்டிருக்கும்.